375 யாருடைய கணக்கு?

போன வருசம் ஒரு கல்யாண வீட்டில் நானும் நண்பர்களும் பாட்டு வாசித்தோம். களுவாஞ்சிக்குடிப் பக்கம் கல்யாண வீட்டுக் கச்சேரி எண்டால் ஒழுங்கு எல்லாருக்கும் தெரியும். முதலில் ஒரு பிள்ளையார் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு, சாப்பாடு முடிந்து மாமாமார் உசாராகிற நேரம் பைலா. என்னிடம் செகண்ட் ஹாண்டாக வாங்கின ஒரு டிலே பெடல் இருந்தது. சினிமாப் பாட்டுகளுக்கு அது தேன் மாதிரி ஒட்டியது. ஒரு கிற்றாரை மூன்று கிற்றார் போலக் காட்டியது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. பைலா தொடங்கியது, நான் பெடலை அப்படியே விட்டுவிட்டேன். நாலு வரி போகவில்லை, டிரம்ஸ்காரன் திரும்பிக் கத்தினான்: “மச்சான், அந்த எக்கோவ நிப்பாட்டுடா! எனக்குத் தாளம் ரெண்டாக் கேக்குது!”

நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பெடல் 375 மில்லிசெக்கனில் நின்றது. அந்த எண்ணை நான் யோசித்து வைக்கவில்லை. ஏதோ வீடியோவில் ஒருத்தர் வைத்திருந்தார், நானும் வைத்தேன். சினிமாப் பாட்டில் பொருந்திய எண் பைலாவில் ஏன் உதைத்தது? அந்த எண் எங்கிருந்து வந்தது? இதைத் தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. பாதிக் கதை மெம்பிசிலும் மிலானிலும் ஜப்பானிலும் நடக்கிறது. மீதிப் பாதி நம் வாவிக் கரையிலேயே இருக்கிறது.

முதலில் கணக்கு

டிலே என்பது பெரிய வித்தை இல்லை. நீங்கள் அடித்த ஒலியைப் பிடித்து வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பித் தருகிறது. அந்தக் “கொஞ்ச நேரம்” எவ்வளவு என்பதுதான் எல்லாம்.

பாட்டின் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை அடி என்று எண்ணுவார்கள். இதைத்தான் பி.பி.எம். என்கிறோம். ஒரு நிமிடத்தில் 60,000 மில்லிசெக்கன் இருக்கிறது. அதைப் பி.பி.எம்.மால் பிரித்தால் ஒரு அடியின் நீளம் வரும். 120 வேகத்தில் ஒரு அடி 500 மில்லிசெக்கன். அதில் பாதி 250, நாலில் மூன்று 375. ஓ/எல் கணக்குக் கூடத் தேவையில்லை, ஆறாம் வகுப்புப் பின்னம் போதும்.

ஆனால் இவ்வளவு லேசான கணக்கை இசைக்காரர் கையில் எடுக்கக் கிட்டத்தட்ட முப்பது வருசம் பிடித்தது. அதற்கு முதல் அந்தக் கணக்கு மெசினிடம் இருந்தது.

நாடா சொன்னபடி

டேப் ரெக்கோடரில் பதிகிற தலை ஒன்று, வாசிக்கிற தலை ஒன்று. நாடா முதலாவதைக் கடந்து இரண்டாவதுக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும். பதியும்போதே வாசிக்க விட்டால் அந்த நேரம்தான் எதிரொலி. தலைகளுக்கு இடைத் தூரத்தை நாடாவின் வேகத்தால் பிரித்தால் டிலே வந்துவிடும். உதாரணத்துக்கு, 2 அங்குல இடைவெளியும் செக்கனுக்கு 15 அங்குல வேகமும் என்றால் 133 மில்லிசெக்கன். வேகத்தைப் பாதியாக்கினால் 267. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்றால் கிடைக்காது. மெசினில் எந்த வேகம் இருக்கிறதோ அதுதான்.

அமெரிக்காவில் லெஸ் போல் இந்த வித்தையை வைத்து 1950களின் தொடக்கத்திலேயே கிற்றாரை அடுக்கடுக்காகப் பதிந்தார். மெம்பிசில் சாம் பிலிப்ஸ் தன் சின்ன ஸ்டூடியோவில் இரண்டு ஆம்பெக்ஸ் ரெக்கோடர்களை வைத்து ஒரேயொரு தரம் திருப்பி அறைகிற எதிரொலியை உண்டாக்கினார். ஸ்லாப்பேக் என்று அதற்குப் பெயர். 1954இல் எல்விஸ் பிரெஸ்லி அங்கே பதிந்த முதல் பாட்டுகளில் கேட்பது அதைத்தான். பாட்டு மெதுவோ வேகமோ, எதிரொலி கிட்டத்தட்ட ஒரே நேரம்தான். பாட்டின் வேகத்தோடு பொருத்தினார்கள் என்பதைவிட, அந்த எதிரொலியோடு சேர்ந்து நல்லாக் கேட்கிற மாதிரிப் பாடினார்கள் என்பதுதான் சரி.

பிறகு எதிரொலிக்கென்றே பெட்டிகள் வந்தன. 1958இல் லண்டனில் சார்லி வொட்கின்ஸ் ‘கொப்பிகற்’ என்ற நாடாப் பெட்டியை விற்கத் தொடங்கினார். மிலானில் பின்சன் கம்பனி நாடாவுக்குப் பதிலாகச் சுழலும் காந்தத் தட்டு வைத்தது. அமெரிக்காவில் வந்த ‘எக்கோபிளெக்ஸ்’ பெட்டியில் ஒரு தலையை முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்தலாம். என் கண்ணில் முக்கியமான மாற்றம் இதுதான். முதல் தடவையாக வாசிக்கிறவனின் கை தூரத்தைத் தீர்மானித்தது. ஆனால் அந்தக் கம்பியில் மில்லிசெக்கன் எண் கிடையாது. காதுதான் அளவுகோல்.

1974இல் ஜப்பானின் ரோலண்ட் கம்பனி ‘ஸ்பேஸ் எக்கோ’ ஆர்.இ. 201ஐ வெளியிட்டது. அதில் வாசிக்கிற தலைகள் மூன்று. அவை கிட்டத்தட்டச் சம இடைவெளியில் இருந்ததால், எதிரொலிகள் ஏறத்தாழ 1, 2, 3 என்ற விகிதத்தில் விழும். நாடா வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு தலையை அடியோடு பொருத்திவிட்டால் மற்றதுகளும் தாளத்துக்குள் வந்துவிடும்.

இந்தக் காலத்தில் எனக்குப் பிடித்த கதை ஜமெய்க்காவினுடையது. அதுவும் நம்மைப் போல ஒரு தீவு, நம்முடையதைவிடச் சின்னது. கிங்ஸ்டனில் கிங் டபி என்கிறவர் ரேடியோ திருத்துகிற ஆள். வேறு நாட்டுக்காரர் செய்த மெசின்களைக் கழற்றித் தன் தேவைக்கு மாற்றினார். 1970களில் பாட்டின் குரலை வெட்டி ஒரு சொல்லை மட்டும் எதிரொலிக்குள் எறிவார். அது தாளத்தின் மேல் சுழன்று சுழன்று கரையும். ‘டப்’ என்ற இசை அப்படித்தான் வளர்ந்தது. மெசின் வெளியிலிருந்து வந்தது. எந்தச் சொல்லை எந்த அடியில் எறிவது என்ற முடிவு கிங்ஸ்டனில் எடுக்கப்பட்டது.

வாளி கைமாற்றிய சிப்

நாடா அறும், அழுக்குப் பிடிக்கும், பாரம் வேறு. 1969இல் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இரண்டு பேர் ஒரு மின்சுற்றைக் கண்டுபிடித்தார்கள். ஊரில் ஒரு வீடு தீப்பிடித்தால் கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவோமே, அதே வேலை. ஒலியின் அளவு மின்னேற்றமாக ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும். எவ்வளவு வேகமாகக் கைமாறுகிறதோ அவ்வளவு சின்ன டிலே. டிலே பெட்டி காலடியில் வைக்கிற அளவுக்குச் சுருங்கியது இதனால்தான்.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பொஸ் கம்பனியின் 1981ஆம் ஆண்டு டி.எம். 2 பெடல் 300 மில்லிசெக்கனுக்கு மேல் போகாது. 120 வேகப் பாட்டில் முழு அடி 500 என்று பார்த்தோம். அப்படியானால் அந்தப் பெடலால் ஒரு முழு அடி எதிரொலி தரவே முடியாது, 375உம் முடியாது. இரண்டு மூன்று வருசத்தில் அதே கம்பனி கொண்டு வந்த டிஜிட்டல் பெடல் டி.டி. 2 800 மில்லிசெக்கன் வரை போனது. எண் பெரிதானதும் பாட்டின் அடியும் பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

தகதிமியில் மூன்று

இனி 375க்கு வருவோம். ஒரு அடியை நாலாக வெட்டினால் ‘தகதிமி’. அதாவது சதுஸ்ரம். அதில் மூன்று துண்டுதான் 375. மேற்கத்திய இசையில் புள்ளி வைத்த எட்டாம் சுரம் என்பார்கள்.

இதில் என்ன விசேசம்? நீங்கள் ஒன்று விட்டு ஒன்றாக, 0, 2, 4, 6 ஆகிய துண்டுகளில் அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். மூன்று துண்டு கழித்து வரும் எதிரொலி 3, 5, 7, 9 இல் விழும். நீங்கள் விட்ட இடைவெளிகளில்தான் அது வந்து நிற்கிறது. ஒருத்தர் மெதுவாக அடிக்க, கேட்கிறவருக்கு விடாமல் ஓடுகிற மாதிரி இருக்கும். எதிரொலியே கூட வாசிக்கிற ஆளாகிவிடுகிறது.

பிங்க் ஃபுளொய்டின் டேவிட் கில்மோர் 1979இல் ‘தி வோல்’ தொகுப்பில் இதைச் செய்தார். அயர்லாந்தின் யூ டூ குழுவின் எட்ஜ் 1980இலிருந்து இதையே தன் பாணியாக்கினார். முதலில் ‘மெமரி மேன்’ பெடல், பிறகு கோர்க் கம்பனியின் டிஜிட்டல் டிலே. 1987இல் வந்த ‘தி ஜோசுவா ட்ரீ’ தொகுப்புக்குப் பிறகு உலகம் முழுக்கக் கிற்றார் பழகுகிற பிள்ளைகள் இதைத் தேடத் தொடங்கினார்கள். இன்றைக்குச் சேர்ச்சுகளில் வாசிக்கிற கிற்றார்காரர் பலரின் காலடியில் இந்த நாலில் மூன்று இருக்கிறது. நான் பார்த்த வீடியோவும் அதன் பேரப்பிள்ளைதான்.

நம் சினிமாப் பாட்டில் இது ஏன் சுகமாகப் பொருந்தியது? 1983இல் மிடி என்ற பொது மொழி வந்தது. ஒரு கருவியின் கடிகாரம் மற்றக் கருவிக்கு அடிக்கு 24 துடிப்பு அனுப்பும், எல்லாம் ஒன்றாக ஓடும். 1992இல் ‘ரோஜா’வோடு ஏ.ஆர். ரகுமான் வந்த பிறகு, கணினிக் கடிகாரத்தின் மேல் கட்டிய பாட்டுத் தமிழ்ச் சினிமாவில் வழமையாகிவிட்டது. அப்படிப்பட்ட பாட்டு 120 என்றால் கடைசி வரைக்கும் 120தான். நாலாக வெட்டிய பாட்டும் அசையாத வேகமும் சேர்ந்தால் 375 எங்கே பிழைக்கப் போகிறது?

பைலா வேறு கணக்கு

பைலா நாலாக வெட்டிய தாளம் இல்லை. எட்டில் ஆறு. நம் கணக்கில் திஸ்ரம், ‘தகிட தகிட’. அடி 500 என்றால் துண்டுகள் 167, 333, 500 இல் விழும். இந்த 375ஐ அதற்குள் போட்டுப் பாருங்கள். 333உம் இல்லை, 500உம் இல்லை, நடுவில் தனியாக ஒரு அடி. அதைத்தான் டிரம்ஸ்காரன் “தாளம் ரெண்டாக் கேக்குது” என்றான். அவன் சொன்னது அச்சொட்டாகச் சரி.

இந்த எட்டில் ஆறு மட்டக்களப்புக்குப் புதிதும் இல்லை. போர்த்துக்கீசர் 1628இல் இங்கே கோட்டை கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கோட்டை கைமாறினாலும் போர்த்துக்கீச மொழி போகவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் தங்கள் கிரியோல் மொழியை இன்றுவரை வைத்திருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் வயலினோடும் கிற்றாரோடும் கஃப்ரிஞ்ஞா ஆடுகிறார்கள். அந்தத் துள்ளல் தாளத்தின் உறவுதான் பைலா. கொழும்பில் பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன் அதைச் சிங்களப் பாட்டில் பிரபலமாக்கினார். 1970களின் இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடியபோது அந்தத் துள்ளல் தமிழுக்கும் வந்தது. ‘சுராங்கனி’ தெரியாத கல்யாண வீடு உண்டா?

ஆக, கிற்றாரோடு ஆடுகிற பழக்கம் எட்ஜுக்கு எவ்வளவோ முதல் இந்த வாவிக் கரையில் இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் நான் அதன் தாளத்தை எண்ணிப் பார்க்காமல், டப்ளின்காரரின் எண்ணைக் கொண்டுபோய் அதன் தலையில் வைத்தேன். பெடலில் பிழை இல்லை. எண்ணாமல் விட்டது நான்.

காரைதீவில் பிறந்த பின்னம்

இங்கே எனக்கு ஒரு ஆளை ஞாபகம் வருகிறது. எங்கள் பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்முனைப் பக்கம் போய் இன்னும் கொஞ்சம் போனால் காரைதீவு. 1892இல் அங்கே பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். நாங்கள் சிலை, படசாலைப் பெயர், பரீட்சைக் கேள்வி என்றுதான் அவரை அறிவோம். ஆனால் அவர் லண்டன் பி.எஸ்.சி. முடித்த ஆள், விஞ்ஞானம் படிப்பித்தவர். பிறகுதான் அண்ணாமலையிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழின் முதல் பேராசிரியர்.

அவருடைய ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் காலமாகிவிட்டார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு, வழக்கொழிந்த யாழின் சுரங்களைக் கணக்குப் போட்டுத் தேடிய நூல் அது. பக்கம் பக்கமாக எண்கள் வரும். நான் தமிழ் நூல் என்று திறந்தேன், உள்ளே ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார்.

சுரக் கணக்கின் அடிப்படை இதுதான். ஒரு தந்தியின் முழு நீளம் ‘ஸ’ என்றால், பாதி நீளம் மேல் ‘ஸ’. மூன்றில் இரண்டு ‘ப’. நாலில் மூன்று ‘ம’.

பாதி, மூன்றில் இரண்டு, நாலில் மூன்று. மேலே நாம் பார்த்த 250, 333, 375ஐத் திரும்பப் பாருங்கள். 500இன் அதே மூன்று பின்னங்கள். தந்தியில் வெட்டினால் சுரம், அடியில் வெட்டினால் தாளம்.

இது தற்செயலா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். இல்லை. டிலேயை 10 மில்லிசெக்கனுக்குக் குறைத்து, எதிரொலியைத் திரும்பத் திரும்ப அதற்குள்ளேயே விட்டுப் பாருங்கள். செக்கனுக்கு நூறு தரம் திரும்பி வரும். அந்த வேகத்தில் காது அதைத் தாளமாக எண்ணாது, ஒரு சுரமாகக் கேட்கும். டிலேயை மூன்றில் இரண்டாக்கினால் அந்தச் சுரம் பஞ்சமத்துக்கு ஏறும். 1983இல் கெவின் கார்ப்லஸ், அலெக்ஸ் ஸ்ட்ரோங் என்ற இரண்டு பேர் இதை வைத்துத்தான் கணினிக்குள் மீட்டிய தந்தியின் ஒலியை உண்டாக்கும் முறையை வெளியிட்டார்கள். சின்ன டிலே ஒரு தந்தி. பெரிய டிலே ஒரு தாளம். நடுவில் சுவர் எதுவும் இல்லை.

“கணக்கு வராது எண்டுதானே ஆர்ட்ஸ் எடுத்தம்” என்று கம்பசில் நாங்கள் பகிடியாகச் சொல்வோம். அந்தப் பகிடியால்தான் நான் ஒரு எண்ணைக் கேள்வி கேட்காமல் கடன் வாங்கினேன். விபுலாநந்தரிடம் கணக்கும் தமிழும் இரண்டு வகுப்பறைகளாக இருக்கவில்லை. ஒரு பழைய பாட்டுச் சரியாகக் கேட்க வேண்டும் என்ற ஆசைக்கு அவர் கணக்குப் போட்டார்.

அண்ணாவியாரின் கை

கணக்குத் தெரிந்துவிட்டால் எல்லாம் சரியா? அதுவும் இல்லை. கூத்தைப் பாருங்கள்.

வடமோடியோ தென்மோடியோ, களரியில் வேகத்தை வைத்திருப்பது அண்ணாவியாரின் மத்தளம். பாத்திரம் வந்து ஆடத் தொடங்கும்போது ஒரு வேகம், ஆட்டம் முறுகி முடிகிறபோது வேறொரு வேகம். ஆடுகிறவரின் காலைப் பார்த்து அவர் கூட்டுவார், மறுகா இறக்குவார். அதை ஒரு பி.பி.எம். எண்ணுக்குள் அடக்க ஏலாது.

120இல் தொடங்கிய ஆட்டம் 128க்கு ஏறுகிறது என்று வைப்போம். எட்டு அடி கூடினதில் என்ன என்று தோன்றும். ஆனால் 375 இப்போது 352 ஆக இருக்க வேண்டும். முதல் எதிரொலி 23 மில்லிசெக்கன் பிந்தும், மூன்றாவது எதிரொலி 70. அந்த வேகத்தில் ஒரு கால்துண்டே 117தான். அதில் பாதிக்கு மேல் தவறினால் சேறுதான்.

நம் வயதுப் பிள்ளைகள் கூத்துப் பாட்டைக் கிற்றாரோடு சேர்த்துப் பதிகிறார்கள். நல்ல விசயம். ஆனால் கணினியில் பதியத் தொடங்கினால் அது முதலில் கேட்பது ‘வேகம் எத்தனை?’ என்றுதான். ஒரு எண்ணைக் கொடுத்து, கிளிக் சத்தத்தை அண்ணாவியாரின் காதுக்குள் போட்டு, “இதுக்கு அடியுங்கோ” என்கிறோம். டிலே அழகாகப் பொருந்தும். ஆட்டம் முறுகுகிற இடம் காணாமற் போய்விடும். பிறகு “கூத்து ஒரே மாதிரி இழுக்குதே” என்று நாமே குறையும் சொல்வோம்.

முதலில் மெசின் சொன்ன நேரத்துக்கு மனிதர் பாடினார்கள். பிறகு மனிதர் கையால் மெசினைத் திருப்பினார்கள். இப்போது இரண்டு பேரும் கணினிக் கடிகாரத்துக்குக் கீழே நிற்கிறார்கள். ஆனால் இந்தக் கடைசிப் படி கட்டாயம் இல்லை. 1999இல் வந்த லைன் 6 கம்பனியின் பச்சைப் பெடல் போன்றவற்றில் காலால் தட்டி வேகம் சொல்கிற பொத்தான் உண்டு. மத்தளத்தைக் கேட்டுக்கொண்டே தட்டினால் டிலே அதன் பின்னால் வரும். மத்தளம் ஏறினால் திரும்பத் தட்ட வேண்டும். கொஞ்சம் கஸ்டம்தான், ஆனால் கடிகாரம் அண்ணாவியாரின் கையிலேயே இருக்கும்.

என் பெடலில் தட்டுகிற பொத்தான் இல்லை. அதனால் வெள்ளை ஒட்டுநாடாவை வெட்டி, டிலே திருகியைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறேன். சினிமாப் பாட்டுக்கு ஒரு கோடு. 333இல் ஒரு கோடு, அதன் பக்கத்தில் ‘தகிட’ என்று எழுதியிருக்கிறது. போன மாதம் இன்னொரு கல்யாண வீட்டில் பைலா தொடங்கியதும் அந்தக் கோட்டுக்குத் திருப்பிவிட்டு, டிரம்ஸ்காரன் 120ஐ விட்டு ஓடாமல் இருக்க வேண்டுமே என்று அவனைப் பார்த்தேன். அவன் இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை. கூத்துக்கு இன்னும் கோடு போடவில்லை. மத்தளம் அடிக்கிற இடத்தில் பெடலை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.